சாச்சாவின் வடி

அவருடைய பெயரை இதில் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன் பெயர் அச்சில் வந்தால் அந்த மனிதருக்குச் சந்தோஷமாகிவிடும். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க மனம் வரவில்லை. அவர் என்னைப் பெற்ற வாப்பாவின் தம்பி, எங்களுக்குச் சாச்சா, அவ்வளவு போதும். இப்போது அவர் கண்டியிலும் இல்லை, வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். அவருக்காகப் பரிந்து பேச ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எதையும் முதலில் தான் பார்த்துவிட வேண்டும், பார்த்தபிறகு தனக்குச் சரியென்று பட்டதை மட்டும் மற்றவர்களுக்கு விட வேண்டும். சாச்சாவின் குணம் இதுதான். கண்டி டவுனில் கணினி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். வீடு அம்பிட்டியவில். நாங்கள் இருப்பது அலவத்துகொடையில். வாப்பா மவுத்தான பிறகு வாரத்தில் இரண்டு மூன்று தடவை எங்களைப் பார்க்க வருவார். வந்ததும் கதிரையில் உட்கார மாட்டார். மேசையில் கிடக்கும் கடிதத்தைப் பிரிப்பார், கறிச்சட்டியின் மூடியைத் திறப்பார், பத்திரிகையைப் புரட்டி ஒரு தாளை மட்டும் உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மிச்சத்தை எங்களிடம் நீட்டி, "நான் பாத்துட்டேன், இனி நீங்க பாருங்க" என்பார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள நான் அக்கம்பக்கத்து வீடுகளில் பத்திரிகை கேட்டு அலைந்திருக்கிறேன்.

என் ஓ.எல். பரீட்சை முடிவு வந்த அன்று என் பரீட்சைச் சுட்டெண்ணை வாங்கிக்கொண்டு போய்த் தன் கடையில் பார்த்தார். காலையிலேயே தெரிந்துவிட்ட முடிவைப் பின்னேரம் வந்துதான் சொன்னார். கணக்குப் பாடத்தில் வெறும் சாதாரண சித்தி, தேறினேன் என்ற அளவுதான். அதைக் கேட்க என் மனதை ஆயத்தப்படுத்த வேண்டியிருந்ததாம். அன்று முழுக்க நான் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ நிதானமாகக் கடையைப் பூட்டி, தொழுதுவிட்டு, பஸ் பிடித்து வந்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. வாப்பாவைக் கழுவி அடக்கியதில் முன்னால் நின்றவர் அவர்தான். உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் மணிக்கணக்காக வரிசையில் நின்றிருக்கிறார். ஆனால் அங்கேயும் டொக்டர் சொன்னதை உம்மாவுக்கு அப்படியே சொன்னதில்லை. உம்மாவுக்கு இரத்தத்தில் சீனி வருத்தம் என்று உம்மாவுக்குத் தெரிந்தது மூன்று மாதம் கழித்து, அதுவும் மருந்துக் கடைக்காரர் வாய் தவறிச் சொன்னதால்.

இப்படிப்பட்டவர் கையில் அந்த மென்பொருள் கிடைத்தது. வெளிநாட்டில் யாரோ தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்தது. படத்தில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை தாவ வேண்டும், என்னென்ன சொற்கள் வந்தால் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். அது சுத்தம் செய்த புதுப் படம் ஒன்றை ஆக்கித் தரும். சாச்சா அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, முதலில் தன் வீட்டு டீவிக்குப் பின்னால் பொருத்தினார், அடுத்த வாரம் எங்கள் வீட்டு டீவிக்கும். இடம் மிச்சம் பிடிக்க இன்னொரு ஏற்பாடும் செய்தார். சுத்தம் செய்த படம் தயாரானதும் பெட்டி பழையதை அழித்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரு கடவுச்சொல். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். உம்மா அந்தப் பெட்டிக்கு 'வடி' என்று பெயர் வைத்தார். தேத்தண்ணி வடிக்கும் வடிதான். குடும்பத்தில் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

இரண்டரை மணி நேரப் படம் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மழை பெய்யத் தொடங்கும், உடனே வெயில் வரும், கதாநாயகி பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருப்பாள். வில்லன் யார் என்று நாங்கள் கண்டுபிடிக்குமுன் அவன் செத்திருப்பான். என் நானாவுக்குத்தான் இதில் சிரிப்புத் தாங்காது. என்னைவிட நான்கு வயது மூத்தவர், எங்கள் வீட்டின் ஒரே ஆண்பிள்ளை. "நாங்க எங்க படத்தப் பாக்குற, படம்தான் எங்கள எட்டிப் பாத்துட்டுப் போகுது" என்று சாச்சாவின் முகத்துக்கு நேரேயே சொல்வார். சாச்சா கோபப்பட மாட்டார். தாவிய இடங்களில் அப்படி ஒன்றுமில்லை என்பார். பட்டியலில் நொடி பிசகாமல் குறிப்பதற்காக அந்த ஒன்றுமில்லாத இடங்களை அவர் மூன்று நான்கு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். எங்கள் குடும்பத்தில் கண்டதையெல்லாம் பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்று அவருடைய மனைவி, எங்கள் சாச்சி, சமையலறையில் என் காதோடு சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தமிழ்ச் சொற்களுக்கான பட்டியலை அவர் தானாகத் தயாரிக்கவில்லை. இந்தியாவில் யாரோ தயாரித்து இணையத்தில் போட்டிருந்ததை எடுத்து அப்படியே ஏற்றினார். அந்த ஊரில் 'உம்மா' என்றால் முத்தம். கண்ணியமான யாரோ ஒருவர் அதையும் கெட்ட வார்த்தைகளோடு சேர்த்து எழுதி வைத்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது. அந்தப் படங்களில் தாயை 'அம்மா' என்றுதானே கூப்பிடுகிறார்கள், அதனால் நாங்கள் எதையும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் முதலில் பார்க்கிற சாச்சா இந்தப் பட்டியலை மட்டும் முழுக்கப் பார்க்கவில்லை.

நானா கட்டாருக்கு டிரைவர் வேலைக்கு, வான் ஓட்டப் போனார். எனக்கு அனுப்புவதெல்லாம் எழுத்தில் கேலியும் கிண்டலும்தான். உம்மாவுக்கு மட்டும் வீடியோ. வேலைக்கு நடுவே எங்காவது வானை நிறுத்திவிட்டு, ஃபோனை முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு பேசி அனுப்புவார். உம்மா, சாப்பிட்டீங்களா. உம்மா, இங்க பாருங்க, இண்டைக்கு மழை. உம்மா, நானே கோழிக்கறி ஆக்கினேன், உப்புக் கூடிப் போச்சு உம்மா. ஒரு நிமிடப் பேச்சில் பத்துத் தடவை அந்தச் சொல் வரும். உம்மா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டுதான் வீடியோ பார்ப்பார். முகத்தைப் பாருங்கள் என்று நான் ஃபோனைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பேன்.

இரண்டாவது வருடம், அங்கே பெரிய வீதியில் நடந்த விபத்தில் நானா மவுத்தாகிவிட்டார். ஃபோனும் வானோடு நசுங்கிப் போனது. அங்கேயே அடக்கினார்கள்.

செய்தி சாச்சாவின் ஃபோனுக்குத்தான் வந்தது. காலையிலேயே வந்துவிட்டது. அவர் வழக்கம்போலப் பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மா சோறு போட்டுக்கொண்டு உட்காரும்வரை காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் போடுங்கள் மதினி, மீனையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உபசரித்தார். அவர் இப்படியெல்லாம் கவனிக்கிறாரே என்று எனக்குக்கூட அன்று ஆச்சரியமாக இருந்தது. உம்மா சாப்பிட்டுக் கை கழுவி, மருந்தும் போட்ட பிறகுதான் சாச்சா செய்தியைச் சொன்னார். வெறும் வயிற்றில் கேட்டால் தாங்க மாட்டார் என்று யோசித்தாராம். வாப்பா மவுத்தாகி இத்தா இருந்த மாதங்களில்கூட வாய்விட்டு அழாத என் உம்மா, அன்று குசினிப் பக்கம் போய் விரலை விட்டு அந்தச் சோற்றை வாந்தியெடுத்தார். "என்ட புள்ள மவுத்தாகி ஈக்கக்குள்ள என்னத் திங்க வச்சிட்டாரே" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். சாச்சாவிடம் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து கொஞ்ச நாளில் உம்மாவுக்கு அந்த வீடியோக்களை டீவியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நான் அப்போது கம்பஸில் விடுதியில் இருந்தேன். உம்மா யாரிடம் கேட்பார், சாச்சாவிடம்தான். அவர் ஃபோனையும் எங்கள் வீட்டு வடியையும் எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் வைத்திருந்து, எல்லாவற்றையும் ஃபோனிலேயே பார்த்து, வடியில் ஏற்றிக் கொண்டுவந்து தந்தார். ஃபோன் நிறைந்து போயிருந்தது என்று அதையும் துடைத்துப் புதிதுபோல் ஆக்கித் தந்தார். நல்ல காரியம் செய்த முகத்தோடு வந்தார் என்று உம்மா பிறகு சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்திருந்தேன். உம்மா, சாச்சா, நான் மூன்று பேரும் டீவி முன்னால் உட்கார்ந்தோம். நானா வந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பிறகு "சாப்பிட்டீங்களா" என்று கேட்டார். மறுபடி உதடு அசைந்தது, சத்தம் இல்லை. உம்மா தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து, "சத்தத்தக் கூட்டு மகள்" என்றார். நான் கூட்டினேன். மற்றச் சொற்கள் எல்லாம் வீடு அதிரக் கேட்டன. 'உம்மா' என்று சொன்ன இடங்கள் மட்டும் காலியாகவே வந்தன. ஒவ்வொரு வீடியோவிலும், ஒவ்வொரு தடவையும்.

எனக்குப் புரிந்ததும் சாச்சாவைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நேரம்தான் புரிந்தது. கடவுச்சொல்லைப் போட்டுப் பட்டியலைத் திறந்து, அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தார். இந்தியாவில் அதற்கு அர்த்தம் என்ன என்று எங்களுக்கு விளக்கினார். விளக்கும்போது சிரிப்பு வந்தது அவருக்கு. மன்னிப்பு என்ற சொல் வாயில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஒரு சின்னச் சத்தந்தானே மதினி, மத்ததெல்லாம் நல்லா ஈக்கிதானே" என்றார்.

பழையவற்றைத் திருப்பி எடுக்க முடியாதா என்று கேட்டேன். பெட்டி அழித்துவிட்டது, ஃபோனையும் துடைத்தாயிற்று என்றார். உம்மா எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நான் அந்தக் கோப்பையைத் தட்டிவிடாமல் இருந்ததற்கு உம்மாவின் முகம்தான் காரணம். அன்றிரவே தீர்மானித்துக்கொண்டேன், இந்த மனிதரை நான் விடப்போவதில்லை என்று.

உம்மா அந்த வீடியோக்களை நிறுத்தவில்லை. தினமும் அஸர் தொழுதுவிட்டு ஒன்றைப் போடச் சொல்வார். நானாவின் உதடு அசைந்து சத்தம் வராமல் போகும் இடத்தில், "என்ன மகன்" என்பார். அடுத்த காலி இடத்திலும் "என்ன மகன்" என்பார். இடைவெளி ஒரு நொடிகூட இருக்காது. அதற்குள் சொல்லி முடிக்கப் பழகிக்கொண்டார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எனக்கு வாய்ப்புக் கிடைக்க ஐந்து வருடம் ஆனது. படிப்பு முடிந்து கண்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாச்சாவுக்குக் கண்ணில் வெண்படலம் வந்து கடையை மூடிவிட்டார். திரையில் சின்ன எழுத்து தெரியவில்லை, வடியை இனி நீ பார்த்துக்கொள் என்று கூப்பிட்டுக் கடவுச்சொல்லைத் தந்தார். குடும்பத்தில் வேறு யாருக்கும் தராததை எனக்குத் தந்தார். நம்பிக்கையோடுதான் தந்தார், அதை நான் மறைக்கவில்லை.

அவருடைய ஒரே மகள் அப்போது கல்யாணம் முடித்து வெளிநாடு போயிருந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் தாதி வேலை, நேரே பேசுவதெல்லாம் பெருநாளைக்குத்தான். மற்ற நாட்களில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடியோ எடுத்து அனுப்புவாள். சாச்சாவின் ஃபோனுக்கு வருவதெல்லாம் அவருடைய ஏற்பாட்டின்படி தானாகவே வடிக்குப் போய், சுத்தமாகி, டீவிக்கு வரும். ஃபோனில் மிச்சம் இருக்காது.

அம்பிட்டியவில் அவருடைய கதிரையிலேயே உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'வாப்பா'. சேர்த்துவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். சாச்சி கொண்டுவந்து தந்த வட்டிலப்பத்தை முழுவதும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன் எதையும் தின்றதில்லை.

சாச்சா முதலில் கவனித்தது படங்களில்தான். இந்தியாவில் 'வாப்பா' என்றால் 'வா அப்பா', வீட்டுக்கு வந்தவனை உள்ளே கூப்பிடும் பேச்சு. கொஞ்ச நாளாகப் படங்களில் யாரும் யாரையும் வரவேற்பதில்லை, கதவைத் திறந்து வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று சாச்சியிடம் குறைப்பட்டாராம். பிறகு மகளின் வீடியோக்கள் வந்தன. மகள் வாயைத் திறப்பாள், சத்தம் இருக்காது, பிறகு சுகமா என்று கேட்பாள். அவர் காதைச் சந்தேகப்பட்டார். காது டொக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். சாச்சி இதையெல்லாம் ஃபோனில் கவலையோடு சொல்லும்போது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கேட்டேன். மகளிடம் சொல்ல அவருக்கு வெட்கம். பெட்டியை மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்கலாம், அழித்தால் பேரப்பிள்ளை பிறந்ததிலிருந்து வந்த எல்லாம் போய்விடும். இதெல்லாம் அவர் செய்து வைத்த ஏற்பாடு, நான் ஒரு சொல்லைத்தான் சேர்த்தேன்.

கண் ஒப்பரேஷன் முடிந்து எழுத்துத் தெரிய ஆரம்பித்ததும் அவரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பட்டியலைத் திறக்கப் பார்த்திருக்கிறார், கடவுச்சொல் பிடிக்கவில்லை; மாற்றியது நான்தான் என்று அப்போது புரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையில் கிடந்த எதையும் தொடவில்லை. வந்த கையோடு கதிரையில் உட்கார்ந்து, கடவுச்சொல்லைத் தா என்று என்னிடம் கேட்டார்.

"நானாட சத்தத்தத் தாங்க சாச்சா, தாறேன்" என்றேன். எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம். அவர் முகம் கறுத்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

குசினியிலிருந்து உம்மா வந்தார். நான் செய்தது உம்மாவுக்குத் தெரியாது. என்ன செய்தாய் என்று கேட்டார், சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டப்போகிறார், சாச்சாவின் முன்னால் என்னை அவமானப்படுத்தப்போகிறார் என்று நினைத்தேன்.  உம்மாவோ, அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தா என்று கையை நீட்டினார். உம்மா கேட்டால் என்ன செய்வது, எழுதிக் கொடுத்தேன். சாச்சா எழுந்து கையை நீட்டினார். உம்மா அந்தத் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அது இன்றைக்கும் உம்மாவின் அலுமாரியில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் மகளிடமே போய்ச் சேரும்வரை சாச்சா டீவியில் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை.

"இரிங்க தம்பி" என்றார் உம்மா. என்னைப் பார்த்து நானாவின் வீடியோ ஒன்றைப் போடச் சொன்னார்.

போட்டேன். வானுக்குள்ளிருந்து நானா எங்களைப் பார்த்தார். உதடு அசையும் நேரத்தில் உம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். டீவியில் நானாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

"இந்த எடத்துல என்ட புள்ள என்ன செல்றான்?" என்று சாச்சாவிடம் கேட்டார். சாச்சா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அவன்ட சத்தம் இல்ல. நீங்க செல்லுங்க தம்பி. அவன் செல்ற நேரத்துக்குச் செல்லுங்க."

என்னிடம் ஓடவிடச் சொன்னார். நான் முதலிலிருந்து ஓடவிட்டேன்.  உம்மாவை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சாச்சா டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு தெரிந்தது. நானாவின் உதடு அசைந்தது. தாடி நரைத்த அந்த மனிதர், என் வாப்பாவின் தம்பி, தொண்டைக்குள்ளேயே "உம்மா" என்றார். தினமும் அந்த இடத்தில் பதில் சொல்லும் உம்மா வாயைத் திறக்கவில்லை.

நானா சாப்பிட்டீங்களா என்று கேட்டார். உதடு மறுபடி அசைந்தது. சாச்சாவால் முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

உம்மா அவர் முகம் வெளியே வரும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கேக்கல்ல மகள். தொடக்கத்துல இருந்து திருப்பிப் போடு."